உப்பலில் இருந்து மேற்கே: ஐந்து கோப்பை பீரும் மாநிலங்களின் மது அரசியலும்

ஹைதராபாத் மாநகரின் கிழக்கு வாயில் உப்பல். வாரங்கல் நெடுஞ்சாலை நகரைவிட்டு வெளியேறுவது இவ்வழியாகத்தான். கிரிக்கெட் ரசிகர்களுக்கு ராஜீவ் காந்தி சர்வதேச மைதானத்தால் அறிமுகமான ஊர். அறிவியல் படித்தவர்களுக்கோ தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அடுத்தடுத்து நிற்கும் சாலையின் பெயர்.

சனிக்கிழமை மாலைகளில் உப்பல் மெட்ரோ நிலையத்தில் மேற்கு நோக்கி ரயிலேறும் கூட்டத்தில் சிறு சிறு நண்பர் குழுக்களைக் காணலாம். கணினி நிறுவன ஊழியர்கள், ஆய்வு மாணவர்கள், வங்கிப் பணியாளர்கள். தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு. இவர்களில் சிலரது இலக்கு ஜூபிலி ஹில்ஸ், மாதாப்பூர், கச்சிபௌலி வட்டாரத்தில் உள்ள மைக்ரோ புருவரிகள், அதாவது பீரைத் தங்கள் கட்டடத்திலேயே காய்ச்சி அங்கேயே விற்கும் உணவகங்கள். நாகோல் - ராய்துர்கம் வழித்தடத்தில் 2017 நவம்பரில் அமீர்பேட் வரையிலும், 2019 மார்ச்சில் ஹைடெக் சிட்டி வரையிலும் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதில் இருந்து இந்தப் பயணம் எளிதாகிவிட்டது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோரைப் பிடிக்க ஹைதராபாத் போலீஸார் வார இறுதிகளில் நடத்தும் சோதனை கடுமையானது என்பதும் ரயிலைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கொரு பாட்டில் என்று கேட்பதில்லை. ஒரு மரப்பலகையில் வரிசையாக வைக்கப்பட்ட ஐந்து அல்லது ஆறு சிறு கோப்பைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை பீர். கோப்பை கைமாறுகிறது. முகர்ந்து பார்க்கிறார்கள், ஒரு மிடறு குடிக்கிறார்கள், பிறகு வாக்குவாதம் தொடங்குகிறது.

மதுவைப் பற்றிய செய்தி என்றாலே கள்ளச்சாராயச் சாவும் டாஸ்மாக் வரிசையும் நினைவுக்கு வரும் தமிழ் வாசகருக்கு இது வேறு உலகத்துக் காட்சியாகத் தோன்றலாம். ஆனால் அந்த மரப்பலகை மேஜைக்கு வந்து சேர்வதற்குப் பின்னால் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மாநில அரசுகளின் கஜானா, தில்லி நீதிமன்றங்கள், பனையேறும் மக்களின் பிழைப்பு என்று பலவும் இருக்கின்றன.

நாக்கு சொல்வதும் கணக்கு சொல்வதும்

பீருக்கு வேண்டியவை நான்கே பொருள்கள்: தண்ணீர், முளைகட்டி வறுத்த பார்லி, ஹாப்ஸ் எனப்படும் கொடியின் கசப்பான பூ, ஈஸ்ட். பவேரியாவில் 1516-ம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட புகழ்பெற்ற சட்டம் முதல் மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்தான் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. அதை விளக்க 19-ம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் வர வேண்டியிருந்தது. 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் வகையைத் தூய்மையாகப் பிரித்து வளர்த்துக் காட்டிய பிறகே ஒரு தொட்டி போலவே மறு தொட்டியும் ருசிப்பது சாத்தியமாயிற்று.

சுவைத்துப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மென்மையானதில் தொடங்கிக் கசப்பும் கருமையும் மிக்கதில் முடிக்க வேண்டும். இடையிடையே தண்ணீர் குடித்து வாயைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மிளகாய் பஜ்ஜியையும் ஹைதராபாத் காரக் கோழியையும் கடைசிக்கு ஒத்திவைப்பது நல்லது. பெரும்பாலான குழுக்கள் இந்த விதியைத்தான் முதலில் மீறுகின்றன. பனிக்கட்டி போலக் குளிர்ந்த பீரில் நாக்கு மரத்துப் போகும். பாட்டில் பீரை உறையும் குளிரில் கேட்டு வாங்கும் நம் நாட்டுப் பழக்கத்துக்கும், அந்த பீரில் ருசிக்க அதிகம் இல்லை என்பதற்கும் தொடர்பு உண்டு.

கோதுமை பீரை முகர்ந்தால் வாழைப்பழ வாசனை அடிக்கும். எவரும் அதில் பழத்தைக் கரைப்பதில்லை. பழுத்த வாழையில் உள்ள ஐசோஅமைல் அசிடேட் என்ற அதே வேதிப்பொருளை அந்த வகை ஈஸ்ட் தானே உண்டாக்குகிறது. கூடவே கிராம்பின் வாசனையும் வரும். பெல்ஜிய முறைக் கோதுமை பீரில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் உண்மையிலேயே சேர்க்கப்படுகின்றன. கொத்தமல்லி என்றதும் தமிழ்நாட்டு நண்பர் ரசத்தை நினைத்துக்கொள்வார். இந்தியா பேல் ஏல் என்பது ஹாப்ஸ் மிகுந்த கசப்பு பீர். இங்கிலாந்தில் இருந்து இந்தியாவில் இருந்த வெள்ளையருக்குக் கப்பலில் அனுப்பப்பட்டதால் வந்த பெயர். ஸ்டவுட் என்ற கருநிற வகையில் கருக வறுத்த பார்லியின் காபி மணம் இருக்கும். கும்பகோணம் டிகிரி காபியில் வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துப்போவது பெரும்பாலும் இதுதான். கடைசியில் லாகர்: குறைந்த வெப்பநிலையில், பல வாரம் பொறுமையாகப் புளிக்கவிடப்படுவது. குறை இருந்தால் மறைக்க அதில் வேறு மணமே கிடையாது. எனவே எளிமையாகத் தோன்றும் இந்த பீர்தான் காய்ச்சுபவருக்குப் பெரிய சோதனை.

நண்பர்களின் வாக்குவாதத்தில் யார் சொல்வது சரி? இந்தக் கேள்வியைப் பீர் ஆலைகள் எப்போதோ கேட்டுவிட்டன. விலை அட்டையும் நிறமும் நாக்கை ஏமாற்றும் என்பதால் கண்ணைக் கட்டிய நிலையில் மூன்று கோப்பைகள் தரப்படும். இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு பீர். வேறுபட்டது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஆறு நண்பர்களில் நால்வர் சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்று மகிழ்ந்தால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐவர் சரியாகச் சொன்னால் அந்த வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது அவர்கள் நாக்கை நம்பலாம்.

சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்கு வருவது எப்படி என்ற புள்ளியியல் முறையே ஒரு பீர் ஆலையில் பிறந்ததுதான். அயர்லாந்தின் டப்ளின் நகரில் கின்னஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கோசெட், பார்லியையும் ஹாப்ஸையும் சோதிக்கும் வேலையில் கண்டறிந்த முறையை 1908-ல் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் அனுமதிக்காததால் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் எழுதினார். இன்று மருந்துச் சோதனை முதல் தேர்தல் கணிப்பு வரை புள்ளியியல் படிப்பவர் அனைவரும் கற்கும் "ஸ்டூடண்ட் டி" சோதனை அதுதான். உப்பல் சாலையிலேயே, ஹப்சிகூடாவில், இந்திய புள்ளியியல் கழகத்தின் ஹைதராபாத் மையம் இருக்கிறது. உப்பலில் ரயிலேறும் நண்பர்கள் அந்த நிறுத்தத்தைக் கடந்துதான் மேற்கே செல்கிறார்கள்.

நீலகிரியில் தொடங்கிய கதை

பீர் இந்தியாவுக்கு வந்தது சிப்பாய்களுடன். 1850-களில் சிம்லா அருகே கசௌலியில் பீர் ஆலை நடத்தியவர் எட்வர்ட் டயர். ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன ஜெனரல் டயரின் தந்தை இவர். தெற்கில் 1857-ம் ஆண்டை ஒட்டித் தொடங்கப்பட்ட ஆலைகளில் ஒன்று நீலகிரியின் பெயரையே தாங்கியிருந்தது. பீப்பாய்கள் மாட்டு வண்டிகளில் ராணுவ முகாம்களுக்குச் சென்றன. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து சிறு ஆலைகளை இணைத்து யுனைடெட் புருவரிஸ் நிறுவனத்தை உருவாக்கினார். நாடு விடுதலை பெற்ற 1947-ல் அதன் முதல் இந்திய இயக்குநரானவர் விட்டல் மல்லையா. பின்னர் அவர் மகன் விஜய் மல்லையா காலத்தில் கிங்ஃபிஷர் நாடெங்கும் பரவியதும், அவர் விமான நிறுவனம் தொடங்கிக் கடனில் மூழ்கி 2016-ல் நாட்டைவிட்டு வெளியேறியதும் அரசியல் வாசகர்கள் அறிந்த கதை. 2021-ல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு நெதர்லாந்தின் ஹைனெகன் கைக்குச் சென்றது.

ஐந்து சிறு ஆலைகள் ஒன்றானதில் இருந்து ஒரு நூற்றாண்டில் சந்தை மூன்று பெரிய நிறுவனங்களின் பிடிக்குள் வந்துவிட்டது. அந்தப் பிடி எத்தகையது என்பதை 2021 செப்டம்பரில் தில்லியில் இந்தியப் போட்டி ஆணையம் வெளியிட்ட உத்தரவு காட்டியது. யுனைடெட் புருவரிஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா, ஏபி இன்பெவ் ஆகியவை 2009 முதல் 2018 வரை பல மாநிலங்களில் விலையைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்தன என்று ஆணையம் கண்டறிந்தது. யுனைடெட் புருவரிஸுக்கு ரூ.752 கோடி, கார்ல்ஸ்பெர்க்குக்கு ரூ.121 கோடி என ஏறத்தாழ ரூ.873 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. கூட்டின் விவரத்தைத் தானே முன்வந்து தெரிவித்த ஏபி இன்பெவ் அபராதத்தில் இருந்து தப்பியது. 2022 டிசம்பரில் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை உறுதி செய்தது. விவகாரம் பிறகு உச்ச நீதிமன்றம் சென்றது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல மாநிலங்களில் பீர் விலையை நிர்ணயிப்பது நிறுவனம் அல்ல, மாநில அரசு. நிறுவனங்கள் கூடிப் பேசியது அரசிடம் என்ன விலை கேட்பது என்பதைத்தான். விற்பவர் மூவர், வாங்குபவர் ஒருவர், குடிப்பவருக்குப் பேச இடமில்லை என்ற இந்த அமைப்பில்தான் சிறு புருவரிகள் ஓர் ஓட்டையைப் போட்டன.

2009-ல் புனேயில் தொடங்கிய டூலாலி இந்த வகையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. ஹரியாணாவின் குர்கான், பிறகு பெங்களூரு என்று வழக்கம் பரவியது. பாசுமதி அரிசி சேர்த்துப் பீர் காய்ச்சிய பெங்களூரின் டாய்ட் போன்ற இடங்கள் சுற்றுலாப் பயணிகளின் பட்டியலில் ஏறின. 2014-ல் பிறந்த தெலங்கானா மாநிலம் அடுத்த ஆண்டே, 2015-ல், மைக்ரோ புருவரி விதிகளைக் கொண்டுவந்தது. பெங்களூருடன் தொழில்நுட்ப நிறுவனங்களுக்காகப் போட்டியிட்ட ஹைதராபாத், வார இறுதிக் கேளிக்கையிலும் பின்தங்க விரும்பவில்லை. உரிமம் பெற்ற கடைகள் பெரும்பாலும் நகரின் வசதி படைத்த மேற்குப் பகுதியிலேயே குவிந்தன. உப்பல் நண்பர்கள் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக ரயிலில் செல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒரே மேஜை, இரண்டு வரி

மது அருந்துவோர் கையில் வாங்கும் பில்லிலேயே கூட்டாட்சித் தத்துவம் அச்சாகியிருக்கிறது. உணவுக்கு ஜிஎஸ்டி, அதே மேஜையில் அருந்திய பீருக்கு மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி. மதுபானங்கள் மாநிலப் பட்டியலில் 8-வது இனம், அவற்றின் மீதான தீர்வை 51-வது இனம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோல், டீசலைப் பின்னொரு நாளில் கவுன்சில் பரிந்துரைத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி வைத்தார்கள். மனிதர் அருந்தும் மதுவை அரசியல் சட்டத்தின் விளக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள். மாநிலங்கள் இதில் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை என்பதே காரணம். தொழிற்சாலைச் சாராயத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் மாநிலங்களுக்கு உண்டு என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தபோது பல மாநிலத் தலைநகரங்கள் நிம்மதி அடைந்தன.

தமிழ்நாட்டில் 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையையே அரசு எடுத்துக்கொண்டது. 2023-24-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.45 ஆயிரம் கோடிக்கு மேல். இந்த ஏற்பாட்டில் உணவகமே தயாரித்து உணவகமே விற்கும் பீருக்கு இடம் கிடையாது. மதுவிலக்கை லட்சியம் என்று சொல்லிக்கொண்டே மதுவில் இருந்து வரும் பணத்தில் நலத்திட்டம் நடத்தும் முரண்பாடு எல்லாக் கட்சி ஆட்சிகளுக்கும் பொது. மதுவிலக்கை அரசின் இலக்காகச் சொல்லும் 47-வது பிரிவும், தீர்வை விதிக்க அதிகாரம் தரும் 51-வது இனமும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

உப்பலுக்கும் தமிழ்நாட்டுக்கும் இந்த விஷயத்தில் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பெயரே தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு. பாமகவைச் சேர்ந்த வழக்கறிஞர் பாலு தொடுத்த வழக்கு நாடு முழுவதும் கடைகளை மூட வைத்தது. அடுத்த சில மாதங்களில் எல்லை சிற்றூர்களில் 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைக்குள் தீர்ப்பு பொருந்தாது என்று 2017 ஜூலையில் விளக்கம் வந்தது. 2007-ல் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட உப்பலின் வாரங்கல் சாலைக் கடைகளும் அந்த விளக்கத்தின் நிழலில் வந்தன.

தெலங்கானாவில் மொத்த விற்பனை அரசின் பானங்கள் கழகத்திடம். சில்லறை விற்பனை குலுக்கலில் உரிமம் பெறும் தனியாரிடம். 2025 ஜனவரி தொடக்கத்தில் யுனைடெட் புருவரிஸ் இந்தக் கழகத்துக்குப் பீர் அனுப்புவதை நிறுத்தியது. 2019-20-க்குப் பிறகு கொள்முதல் விலை உயர்த்தப்படவில்லை, பாக்கியும் தேங்கிக் கிடக்கிறது என்பது நிறுவனத்தின் புகார். நுகர்வோர் கொடுக்கும் விலையில் ஏறத்தாழ 70 சதவீதம் வரியாகவே போகிறது என்றும் அது கூறியது. நிறுவனத்தின் நெருக்கடிக்குப் பணிய முடியாது என்று கலால் துறை அமைச்சர் ஜூபள்ளி கிருஷ்ணா ராவ் பதில் சொன்னார். இரண்டு வாரங்களுக்குள் விநியோகம் திரும்பியது. பிப்ரவரியில் அடிப்படை விலை 15 சதவீதம் உயர்த்தப்பட்டது. இறுதியில் யார் பணிந்தார்கள் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

தில்லி வாசகருக்கு இது புதிதல்ல. புதிய பீர் குடிக்க எல்லை தாண்டி குர்கான் செல்வது தலைநகரவாசிகளின் நெடுநாள் பழக்கம். 2021 நவம்பரில் அமலுக்கு வந்த ஆம் ஆத்மி அரசின் மதுக் கொள்கை மைக்ரோ புருவரிகளுக்குத் தாராளமாகக் கதவு திறக்க முயன்றது. ஆனால் அந்தக் கொள்கை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2022 செப்டம்பரில் பழைய முறை திரும்பியது. பின்னர் அதில் ஊழல் நடந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் முதல்வர் பதவியில் இருந்த கேஜரிவாலும், அவருக்குச் சில நாள்கள் முன்னதாக ஹைதராபாதில் தெலங்கானா முன்னாள் முதல்வர் கே. சந்திரசேகர ராவின் மகள் கவிதாவும் 2024 மார்ச்சில் கைதானார்கள். குற்றச்சாட்டுகளை இருவரும் மறுத்தனர். இருவருக்கும் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. பீர்க் கோப்பையைப் பற்றிக் கொள்கை வகுப்பது எந்த அளவுக்கு அபாயகரமான வேலை என்பதை இரு நகரங்களும் ஒன்றாகக் கற்ற காலம் அது.

பனையின் பக்கம்

சுவையை ஒப்பிடும் நண்பர்கள் ரயிலில் மேற்கே போகாமல் பேருந்தில் கிழக்கே போயிருந்தால் வேறொரு பானத்தைச் சந்தித்திருப்பார்கள். உப்பலைக் கடந்து கட்கேசர், புவனகிரி என்று வாரங்கல் சாலை நீள நீள, பனையும் ஈச்சமரமும் வரப்புகளில் தென்படத் தொடங்குகின்றன. இது கௌடு சமூகத்தின் நாடு. கள் இறக்குவது அவர்களின் குலத்தொழில். மொகலாய ஆட்சி தடுமாறிய காலத்தில் கிளர்ச்சி செய்து 1708-ல் வாரங்கல் நகருக்குள் படையுடன் புகுந்த சர்வாய் பாபண்ணா அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அதே ஆண்டில் புவனகிரியையும் அவர் தாக்கினார்.

இறக்கிய சில மணி நேரத்தில் காற்றில் உள்ள ஈஸ்ட் தானே வேலை செய்து கள்ளைப் புளிக்க வைக்கிறது. அதன் சாராய அளவு 4 முதல் 5 சதவீதம். அதாவது சாதாரண பீருக்கு இணை. அன்று இறக்கியதை அன்றே குடித்தாக வேண்டும். வடிகட்டப்படாதது, சூடேற்றிப் பதப்படுத்தப்படாதது, இடத்துக்கு இடம், மரத்துக்கு மரம் சுவை மாறுவது. மைக்ரோ புருவரிகள் தங்கள் பீரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் அத்தனை குணங்களும் கள்ளுக்கு இலவசமாக வாய்த்தவை. ஹாப்ஸ் ஜெர்மனியில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் கப்பலில் வருகிறது. பனை வரப்பில் நிற்கிறது.

ஆனால் கள்ளின் வரலாறு நிம்மதியானதல்ல. 1992-ல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் சாராயத்துக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் ஆந்திர அரசியலையே புரட்டிப் போட்டது. 1995-ல் என்.டி.ராமராவ் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997-ல் அவர் மருமகன் சந்திரபாபு நாயுடு அதைத் தளர்த்தினார். ஹைதராபாத் நகரில் பத்தாண்டு காலம் மூடிக்கிடந்த கள்ளுக்கடைகளை, தேர்தல் வாக்குறுதியின்படி 2014-ல் சந்திரசேகர ராவ் அரசு மீண்டும் திறந்தது. 2023 மே மாதம் ஹுசேன்சாகர் கரையில் நெக்லஸ் சாலையில் புளிக்காத பதநீர் விற்கும் "நீரா கஃபே" திறக்கப்பட்டது. மரம் ஏறுவோர் தவறி விழுந்து உயிரிழப்பதைத் தடுக்க, 2024 ஜூலையில் அடுத்த அரசின் முதல்வர் ரேவந்த் ரெட்டி, கௌடுகளின் குலதெய்வமான காட்டமய்யாவின் பெயரில் பாதுகாப்புக் கவசத் திட்டத்தைத் தொடங்கினார். கட்சி மாறினாலும் கௌடு ஓட்டு மாறாமல் முக்கியம்.

மறுபுறம் இருப்பது கலப்படம். நகரின் தேவைக்கு ஏற்ற அளவு மரங்களும் இல்லை, ஏறுவோரும் இல்லை. எனவே தண்ணீரும் இனிப்பூட்டியும் கலந்து, போதைக்கு அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரை மருந்துகளையும் குளோரல் ஹைட்ரேட்டையும் சேர்த்து விற்பது தெலங்கானாவில் நெடுநாள் நோய். 2015-ல் அரசு திடீரெனக் கெடுபிடி காட்டியபோது, அந்த மருந்துக்கு அடிமையாகியிருந்த கூலித் தொழிலாளர்கள் கை கால் நடுங்க, புத்தி தடுமாற, எர்ரகட்டா மனநல மருத்துவமனை வாசலில் நூற்றுக்கணக்கில் வந்து நின்றார்கள். 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பள்ளி வட்டாரத்தில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தனர். இன்னும் பலர் சிறுநீரகம் பழுதாகிச் சிகிச்சை பெற்றனர். கூகட்பள்ளிக்கும் மாதாப்பூரின் மைக்ரோ புருவரிகளுக்கும் இடையே சில கிலோமீட்டர்களே உள்ளன.

ஒரு பக்கம் எந்த ஊர் ஹாப்ஸ், எத்தனை டிகிரி வெப்பம் என்று எழுதி வைத்த பலகை. மறுபக்கம் கோப்பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே குடிக்கும் மக்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபானத் தரவிதிகள் 2019 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. ஆய்வாளர் எந்தக் கடைக்கு எத்தனை முறை போகிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கலப்படம்தான் அப்போதும் சொல்லப்பட்ட காரணம். தடையை நீக்கக் கோரும் பனை விவசாயிகளின் போராட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் நாம் தமிழர் கட்சியின் சீமான் பனை ஏறியது அதன் அண்மைக்காலக் காட்சி. கேரளத்தில் கள் உணவகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து மீன்கறி சாப்பிடும் தமிழர், ஊர் திரும்பியதும் கள் வைத்திருந்தால் கைதாவார். அந்நிய நிறுவனங்களின் பாட்டில் பீர் மட்டும் அரசு கடையிலேயே கிடைக்கும்.

தண்ணீர்க் கணக்கு

பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். பாத்திரம் கழுவவும் குளிரூட்டவும் ஆகும் தண்ணீரைச் சேர்த்தால் ஒரு லிட்டர் பீருக்குப் பல லிட்டர் தேவை. 2016 கோடையில் மராத்வாடா வறண்டு ரயிலில் குடிநீர் வந்தபோது, ஔரங்காபாத் மது ஆலைகளுக்குத் தரும் தண்ணீரை 60 சதவீதம் வரை குறைக்க மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தெலங்கானாவின் பெரிய பீர் ஆலைகள் சங்காரெட்டி மாவட்டத்தில் குவிந்துள்ளன. ஹைதராபாதுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்த மஞ்சீரா ஆறு ஓடும் மாவட்டம் அது. மைக்ரோ புருவரிகள் எடுக்கும் அளவு இதில் சிறு துளிதான். ஆனாலும் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் உப்பல் குடியிருப்புவாசிக்கு அந்தத் துளியின் விலை தெரியும்.

குறைந்த அளவு குடித்தாலும் உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது. சிறு கோப்பை ஐந்தைச் சேர்த்தால் ஒரு பாட்டிலுக்குக் குறையாது என்பதையும் நண்பர்கள் அறிவார்கள். தெலங்கானாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது தரக்கூடாது. தில்லியில் அது 25. ஒரே நாட்டுக் குடிமகன் ஹைதராபாதில் சுவைத்துக் கருத்துச் சொல்லத் தகுதி பெற்று, தில்லியில் இறங்கியதும் நான்கு ஆண்டு காத்திருக்க நேர்கிறது.

இரவு பத்தரைக்கு மேல் நாகோல் நோக்கி வரும் ரயில்களில் கூட்டம் குறைவு. உப்பலில் இறங்கி 2023-ல் திறக்கப்பட்ட நடைபாலத்தைக் கடந்தால் கீழே வாரங்கல் சாலை. யாதகிரிகுட்டா, ஜனகாம் பேருந்துகளுக்காக மூட்டைகளோடு நிற்பவர்கள் அந்நேரத்திலும் இருக்கிறார்கள். விடியலுக்கு முன் அதே சாலையின் ஓரத்துக் கிராமங்களில் மரமேறிகள் இடுப்புக் கயிற்றைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.